ஈரக் கைக்கு ஒரு விளையாட்டு

தனபால் சார் பாட்டில்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறார், அதாவது சுடவில்லை, அதுதானே அந்த டி.வி. கேம் துப்பாக்கியின் அழகே. விசையை இழுத்ததும் பெட்டி டி.வி.யின் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, பாட்டில் நிற்கிற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து போகிறது. நமக்கு அது கண் சிமிட்டினது மாதிரிதான் தெரியும். குழலுக்குள் உட்கார்ந்திருக்கிற குட்டிக் கண்ணுக்கு அந்த வெள்ளை தெரிந்துவிட்டால் பாட்டில் உடையும், தெரியாவிட்டால் நிற்கும். ஆக துப்பாக்கி திரையைச் சுடுவதில்லை, திரைதான் துப்பாக்கியைச் சுடுகிறது, விளையாடுகிற பிள்ளைகளிடம் மட்டும் யாரும் இதைச் சொல்வதில்லை. இதை முதலில் யோசித்த ஆள் என்ன செய்திருப்பான், எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருப்பானா, தனியாகச் சிரித்திருப்பானா. தனபால் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியை வெளியே விட்டுக் குறி பார்க்கிறார். "இன்னும் கிட்டப் போங்க சார், டி.வி.யைத் தொட்டுக்கிட்டே சுட்டாத்தான் விழும்" என்கிறார் ரியாஸ் அண்ணன். "போப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் குறி பாத்தவன்" என்கிறார் சார், அடுத்த பாட்டிலையும் தவறவிடுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், சிரித்துக்கொண்டே வலது கையை பேண்ட்டில் துடைக்கிறேன், பிறகு இடது கையை. சார் முடித்ததும் கூட்டம் அடுத்த மேசைக்கு நகரும், அங்கே நடன விரிப்பு, அதற்கடுத்து நான். என் மேசையில் சுகிர்தாவின் லவ் மீட்டர் இருக்கிறது, நான் சரிசெய்து கொண்டுவந்தது, அவள் இன்று வாங்கிப்போக வேண்டியது. சும்மா கொடுத்துவிட முடியாது. மாதம் ஒரு ஞாயிறு, திருச்சி தில்லைநகரில் இந்த டியூஷன் சென்டர் மாடியில், சூத்திரங்கள் ஒட்டிய சுவர்களுக்கு நடுவில் கூடுகிற எங்கள் பழைய கேம் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: சரிசெய்த பொருள், சொந்தக்காரர் கையால், எல்லார் கண்ணெதிரிலும் ஓட வேண்டும், அப்புறம்தான் பைக்குள் போக வேண்டும். முன்பொரு தரம் ஒருவர் ஓடுகிறது என்று கொடுத்தது இன்னொருவர் வீட்டில் ஓடாமல் போய், இரண்டு சிநேகிதர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை, அதனால் வந்த சட்டம். நல்ல சட்டம். நானே கை தூக்கி ஆதரித்த சட்டம். லவ் மீட்டர் எப்படி ஓடும் என்றால், கம்பியில் தொங்குகிற இரண்டு எஃகுத் தண்டுகளில் ஒன்றை ஒருவர் பிடிக்க வேண்டும், மற்றதை இன்னொருவர் பிடிக்க வேண்டும், மிச்சம் இருக்கிற கைகளை இருவரும் கோத்துக்கொள்ள வேண்டும். அவள் ஒன்றைப் பிடிப்பாள். மற்றதை யார் பிடிப்பது, சரிசெய்தவன்தான். அவள் என் கையைத் தொடப்போகிறாள். தொட்டதும் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், தொட்ட எல்லோரும் செய்வதைத்தான் செய்வாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல், துப்பட்டாவிலோ சுடிதாரிலோ கையைத் துடைப்பாள், மெதுவாக.

என் கை வியர்க்கும். எல்லார் கையும்தான் வியர்க்கும் என்பார்கள், அது வேறு. இது மழை இல்லாமல் ஒழுகுகிற கூரை. மார்கழியிலும் வியர்க்கும், ஏ.சி. அறையிலும் வியர்க்கும், வியர்க்கக் கூடாது என்று நினைத்தால் கூடுதலாக வியர்க்கும், இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பரீட்சையில் விடைத்தாளுக்கு மேல் கர்ச்சீப் விரித்து அதன் மேல் கையை ஊன்றி எழுதுவேன், அப்படியும் ஓரத்தில் மை பரவி என் பதில்கள் எல்லாம் அழுதுகொண்டே எழுதின மாதிரி இருக்கும். பாலிடெக்னிக்கில் நான் பிடித்த எஃகு வெர்னியர் அளவுகோல் மறுநாள் துருப்பிடித்துக் கிடந்தது, என் விரல் எங்கெங்கே பட்டதோ அங்கெல்லாம் சரியாக, காவி நிறத்தில். ஒர்க்ஷாப் சார் அதைத் தூக்கிக் காட்டி "எவன்டா அந்த உப்புக் கை" என்று கேட்டார், நான் எழுந்து நின்றேன், அன்றிலிருந்து அதுதான் என் பெயர். அதற்கெல்லாம் முன்னால் எங்கள் தெருவில் கிஷோர் வீடு. அவன் வீட்டில்தான் கேசட் போட்டு விளையாடுகிற டி.வி. கேம் இருந்தது, ஒருவர் செத்தால் அடுத்தவர் என்று வரிசையில் காத்திருப்போம், என் முறை முடிந்து கேம் ரிமோட்டைக் கொடுத்தால் அடுத்தவன் ஆடுமுன் அதை ஜன்னல் திரையில் துடைப்பான், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதுவும் விளையாட்டின் ஒரு பகுதி மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் கிஷோர் அம்மா டி.வி. ரிமோட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு பாலிதீன் உறையைக் கொண்டுவந்து, "பரிதி விளையாடறப்ப மட்டும் இதைப் போட்டுக்கங்கப்பா" என்றார். நல்ல மனுஷி, திட்டவில்லை, வராதே என்று சொல்லவில்லை. நான்தான் அதற்குப் பிறகு போகவில்லை. இப்போது இருக்கிற கண்ணாடி போன்களுக்கும் என்னைப் பிடிக்காது, ஒரு விரல் வைத்தால் நாலு விரல் என்று எண்ணிக்கொள்ளும், ஓடச் சொன்னால் குதிக்கும், அலுவலகத்தில் ரேகை வைக்கிற மெஷின் தினமும் என்னை யாரென்று தெரியாது என்கிறது. பொத்தான் அப்படி இல்லை. பழைய ரிமோட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா, பொத்தானுக்கு அடியில் ரப்பரில் ஒரு சின்னக் குடை, குடைக்குள் கறுப்பாக ஒரு பொட்டு. அழுத்தினால் குடை மடங்கிப் பொட்டு போய்ப் பலகையைத் தொடும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். கை யாருடையது, ஈரமா, காய்ந்ததா என்று அது கேட்பதே இல்லை. அழுத்தினாயா, அழுத்தினேன், அவ்வளவுதான் பேச்சு. பழைய கேம்களை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நான் படம் அழகு, இசை அழகு என்று ஏதேதோ சொல்வேன், இதைச் சொன்னதில்லை.

நடன விரிப்புக்கு வந்துவிட்டார்கள். ரியாஸ் அண்ணன் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், வயிறு கொஞ்சம் முன்னால் போய்விட்ட மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறி நிற்கிறார், திரையில் அம்புக்குறிகள் மேலே ஏறுகின்றன, அவர் காலால் அவற்றைத் துரத்துகிறார். "அண்ணே, கீழ் வீட்ல சுண்ணாம்பு உதிருதாம்" என்று யாரோ சொல்ல, அவர் ஆடிக்கொண்டே "உதிரட்டும், வெள்ளையடிச்சு நாளாச்சு" என்கிறார். அது எவ்வளவு பெரிய யோசனை, ஒரு ரிமோட்டைத் தரையில் விரித்துப் பெரிதாக்கி மனிதனை அதன்மேல் ஏற்றிவிட்டது. இணையத்தில் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் வித்தை காட்டல் என்கிறார்கள், ஒரு பண்டிகைக்கு விற்று அடுத்த பண்டிகைக்குப் பரணுக்குப் போன சாமான்கள் என்கிறார்கள். எனக்கு அவைதான் மேல். மற்ற விளையாட்டெல்லாம் நம்மிடம் இரண்டு கட்டைவிரலை மட்டும் கேட்கிறது, மிச்ச உடம்பை எங்கேயோ வைத்துவிட்டு வா என்கிறது. இவை அப்படியா. தூண்டில் மாதிரி ஒன்று, சுற்றுகிற சக்கரம் வைத்தது, திரையில் இருக்கிற மீன் இழுத்தால் நம் மணிக்கட்டில் நடுங்கும். ஊதினால் மெழுகுவத்தி அணைகிற ஒன்று, அதற்கு மூச்சு வேண்டும். தண்ணீர் நிரப்பிய ஒன்று, மின்சாரமே கிடையாது, பொத்தானை அமுக்கினால் குமிழிகளோடு குட்டி வளையங்கள் எழும்பி மெதுவாக, யாருக்கும் அவசரமில்லை என்கிற மாதிரி இறங்கும், கம்பத்தில் ஒன்றாவது மாட்டுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம், அந்தத் தண்ணீரைவிடச் சிறந்த திரையை இன்றைக்கு வரை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. முட்டை வடிவத்தில் சாவிக்கொத்தில் தொங்குகிற ஒன்று, அதற்குள் புள்ளிகளால் ஆன ஒரு குஞ்சு, பசித்தால் கூப்பிடும், நாம் போகாவிட்டால் செத்துப்போகும். எங்கள் தாத்தா கதை சொல்லும்போது நடுநடுவே ம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் ராஜகுமாரன் எந்த மரத்தில் ஏறியிருந்தாலும் அங்கேயே இருக்க வேண்டியதுதான், கதை நின்றுவிடும். இந்த முட்டையும் நம்மிடம் ம் மட்டும்தான் கேட்கிறது. அப்புறம் வெயில் கேட்கிற ஒன்று, கேசட்டின் தலையில் ஒரு கண்ணாடிக் கண், வெளியே போய் வெயிலில் நின்றால்தான் கதாநாயகனுக்குத் தெம்பு வரும், குளிர்நாட்டுப் பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியே அனுப்புவதற்கென்றே எவனோ செய்திருக்கிறான். நான் அதைச் சித்திரை மாதம் மொட்டை மாடியில் வைத்து ஆடினேன், கதாநாயகன் சூடு தாங்காமல் கெஞ்ச ஆரம்பித்துவிட்டான், உள்ளே போ, உள்ளே போ என்று. செய்தவனுக்குத் திருச்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இவையெல்லாம் எதைக் கேட்கின்றன பாருங்கள், மூச்சு, மணிக்கட்டு, கால், வெயில், ம். ஆனால் லவ் மீட்டர் கேட்பது மாதிரி எதுவும் கேட்டதில்லை. அது இன்னொரு ஆளைக் கேட்கிறது.

அந்தப் பெட்டியைத் திறந்த அன்று நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று சில்லறைப் பாகங்கள், ஒரு பேட்டரி, ஒரு முள். தண்டுகளைப் பிடித்தவர்களின் உடம்பு வழியாகக் கடுகளவு மின்சாரம் போகும், தோல் ஈரமாக இருந்தால் கொஞ்சம் அதிகம் போகும், அதைப் பெருக்கி முள்ளை நகர்த்தும், முடிந்தது. காதலை அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அது அளப்பது வியர்வையை. ஏமாற்று என்று சொல்லலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதைச் செய்த மகராசனுக்கு முள்ளைப் பற்றிக் கவலையே இருந்திருக்காது, அவனுக்குத் தேவை ஒரு காரணம், இரண்டு பேர் கை கோப்பதற்குக் கூச்சப்படாமல் சொல்லிக்கொள்ள ஒரு காரணம், மிஷின் கேட்கிறது, நான் என்ன செய்ய. அதை நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். கூடவே இன்னொன்றும், உலகத்தில் செய்த அத்தனை விளையாட்டிலும் ஈரக் கைக்கு மதிப்பெண் கொடுக்கிற விளையாட்டு இது ஒன்றுதான். சுகிர்தாவுக்கு இது அவள் சித்தப்பா கொடுத்தது, அவர் ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்தது. முள்ளுக்குப் பின்னால் ஏதோ புரியாத எழுத்தில் இருந்ததை மறைத்து, அவர் காகிதத் துண்டுகளில் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார். இடது கோடியில் 'சும்மா', அப்புறம் 'பரவாயில்லை', அப்புறம் 'அட', வலது கோடியில் சிவப்பு மையில் 'ஆபத்து'. அவள் இதைப் போன கூட்டத்தில் என்னிடம் நீட்டினபோது, "முள்ளு அசையவே மாட்டேங்குது பரிதி, ஹாஸ்டல்ல நானும் ரூம்மேட்டும் எவ்வளவோ தடவை பிடிச்சுப் பாத்துட்டோம், எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு அவ கோவிச்சுக்கிட்டா" என்றாள். நான் சிரித்துப் பெட்டியை அடியில் தாங்கி வாங்கிக்கொண்டேன், விரல் படாமல். அவள் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன், எதையும் ஓரத்தில் பிடித்துக் கொடுக்கிற பழக்கம், அது எனக்கு வசதியாக இருந்தது. மெதுவாகப் பேசுவாள், நானும் மெதுவாகப் பேசுவேன், கூட்டத்தின் இரைச்சலில் நாங்கள் இரண்டு பேரும் பேசினால் இரண்டு பேருக்குமே கேட்காது, அதனால் இரண்டிரண்டு தரம் சொல்வோம், அந்த இரண்டாம் தரத்துக்காகவே நான் முதல் தரத்தை இன்னும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். வீட்டில் பெட்டியைப் பிரித்தேன், பேட்டரி ஸ்பிரிங்கில் லேசாகப் பச்சைக் களிம்பு, எலுமிச்சை தொட்டுத் தேய்த்தேன், ஒரு இணைப்பில் பற்றவைத்த ஈயம் மங்கலாகத் தெரிந்தது, புதிதாக வைத்தேன், புதுப் பேட்டரி போட்டு இரண்டு தண்டையும் நானே இரண்டு கையில் பிடித்தேன், முள் எழுந்து நேராக ஆபத்துக்குப் போய் முட்டி நின்றது. அதுதான் இதில் இருக்கிற சங்கடம். இரண்டு கையும் இரண்டு பேருடையதா, ஒரே ஆளுடையதா என்று இதற்குத் தெரியாது. ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் பிடித்துப் பார்த்தேன், ஓடுகிறதா என்று பார்க்கத்தான், தினமும் ஆபத்து. என்னை நானே இவ்வளவு காதலிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு என்ன செய்யலாம் என்றும் யோசித்துவைத்திருக்கிறேன், எனக்குப் பதில் ரியாஸ் அண்ணனைப் பிடிக்கச் சொல்லலாம், வேலை கெட்டிக்காரத்தனமாக முடியும், அவள் கை ரியாஸ் அண்ணன் கையில் இருக்கும், நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், முள்ளைப் பார்ப்பதும் ஒரு வேலைதானே.

வந்துவிட்டார்கள். நாற்காலி இழுபடுகிறது, ரியாஸ் அண்ணன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே "அடுத்து நம்ம தம்பி, காதல் டாக்டர்" என்கிறார், சுகிர்தா மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்று பெட்டியைப் பார்த்து "பளபளன்னு இருக்கே" என்கிறாள், பிறகு இன்னொரு தரம் சொல்கிறாள், எனக்கு முதல் தரமே கேட்டது. "அண்ணே, அந்தப் பக்கம் நீங்க பிடிங்க" என்கிறேன் நான். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு தம்பி. முள்ளு கொஞ்சம் ஏறினாலும் எவனாவது போட்டோ புடிச்சு உங்க அண்ணிக்கு அனுப்பிருவான்." தனபால் சார் "நான் பிடிக்கவா, ரிட்டயர்டு ஆளு, ஆபத்து ஒண்ணும் வராது" என்கிறார், சிரிப்பு. சுகிர்தா, "இருங்க, முதல்ல நானே ரெண்டு கையிலயும் பிடிச்சுப் பாக்கறேன், அதுவே போதும்ல?" என்று என்னைக் கேட்கிறாள். போதும் என்று தலையாட்டுகிறேன், எவ்வளவு வேகமாக ஆட்டினேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. தப்பித்தேன். தண்டுகள் இரண்டும் இவ்வளவு நேரம் என் கையில்தான் இருந்திருக்கின்றன, கவனிக்கவே இல்லை, எஃகின் மேல் ஈரம் மின்னுகிறது, இப்படியா கொடுப்பது. கர்ச்சீப்பை எடுத்து ஒவ்வொரு தண்டையும் மேலிருந்து கீழே, திருப்பி, மறுபடி, வாயால் ஊதிக் காயவைத்து, பாலிதீன் உறை மட்டும்தான் போடவில்லை, பெட்டியின் சுவிட்சைப் போட்டு அவளிடம் நீட்டுகிறேன். அவள் பிடிக்கிறாள். எல்லோரும் குனிகிறார்கள். முள் படுத்துக்கிடக்கிறது. அவள் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். சும்மா என்கிற எழுத்தின் மேல், செத்த பல்லி மாதிரி, அசையாமல். "நல்லா ரிப்பேர் பண்ணிருக்கப்பா" என்கிறார் தனபால் சார். காது சுடுகிறது எனக்கு, தண்டுகளை வாங்கிப் பிடிக்கிறேன், பிடித்த மாத்திரத்தில் முள் எழுந்து ஓடி ஆபத்தில் முட்டுகிறது. "தனியாவேவா?" என்கிறார் ரியாஸ் அண்ணன், சிரிப்பு மாடி முழுக்கப் பரவுகிறது. துடைக்கிறேன், கொடுக்கிறேன், படுத்துவிடுகிறது. வாங்குகிறேன், எழுகிறது. துடைக்கிறேன், கொடுக்கிறேன். "ஆளு பாத்து வேலை செய்யுது, இதுக்கு சாமியார்கிட்டதான் போகணும்" என்கிறது ஏதோ ஒரு குரல். சுகிர்தா சிரிக்கவில்லை. "ஹாஸ்டல்லயும் இப்படித்தான்" என்கிறாள், ஏதோ தன் மேல் தப்பு மாதிரி, தண்டுகளை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள். நானும் பார்க்கிறேன். முதல் தரமாகப் பார்க்கிறேன். அரிசி மாவில் உருட்டி எடுத்த மாதிரி வெளுத்து, ரேகைகள் எல்லாம் வெடித்து, விரல் நுனிகளில் தோல் காகிதமாகத் தூக்கிக்கொண்டு. நாள் முழுக்கக் கையுறை, கையுறையைக் கழற்றினால் ஸ்பிரிட், மறுபடி கையுறை. அவள் ரூம்மேட்டும் அதே லேப்தான்.

பெட்டி கெட்டுப்போகவே இல்லை. அன்றைக்கும் கெட்டுப்போகவில்லை, இன்றைக்கும் கெட்டுப்போகவில்லை. நான் பிரிக்குமுன் ஒரு தரம் பிடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், ஆனால் எங்களில் யார் அப்படிச் செய்வோம், ஓடவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்க்ரூ டிரைவர் கையில் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற அரிப்பு, நன்றாக இருந்த ஈயத்தைக் கரைத்து மறுபடி அதே இடத்தில் வைத்தேன் நான், ஒரு மாதம். இதற்குத் தேவை கொஞ்சம் ஈரம். அந்த ஈரத்தைத்தான் நான் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், மரியாதையாக, கிஷோர் வீட்டு ஜன்னல் திரைக்கு வேலை வைக்காமல். தெரிந்துவிட்டது, இனி என்ன, சொல்லிவிட வேண்டியதுதான், சொல்வதற்கு ஒரு வார்த்தைதான் இருக்கிறது, அதை இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது சொல்லலாம், கம்பி எங்கேயோ விட்டிருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பெட்டியை மூடிப் பைக்குள் வைக்கலாம், இன்னொரு மாதம் என்னோடு இருக்கும், தினமும் சாயங்காலம் ஆபத்து. அல்லது தண்ணீர் பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டுத் தெளித்துக் கொடுக்கலாம், அதுவும் ஈரம்தான், யார் ஈரம் என்று முள் கேட்கப்போவதில்லை. மேசையில் பாட்டில் இருக்கிறது. கை அதன் பக்கம் போகிறது. அவள் இன்னும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஓரத்தில் தூக்கிய ஒரு தோலைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டு, அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அது என்னுடையது, இவ்வளவு நாளாக என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கை நின்றுவிடுகிறது. "இதுல ஒண்ணும் ரிப்பேர் இல்லைங்க" என்கிறேன். "என்னது?" என்கிறார் ரியாஸ் அண்ணன், கேட்கவில்லை அவருக்கு. கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன், என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருக்கிறது. "ரிப்பேரே இல்லை. உங்க கை ரொம்பக் காஞ்சிருக்கு. இதுக்கு ஈரம் வேணும். எனக்குக் கை வேர்க்கும், எப்பவும் வேர்க்கும், நிக்கவே நிக்காது, அதான் என்கிட்ட மட்டும் ஓடுது. ஒவ்வொரு தடவையும் அதைத் துடைச்சுட்டு உங்ககிட்ட குடுத்தேன், அதான் தப்பு." தனபால் சார் "ஓகோ" என்கிறார், ஒரு தகவலைக் கேட்டுக்கொண்ட மாதிரி, அவ்வளவுதான். சுகிர்தா என் கையைப் பார்க்கிறாள். "எப்பவுமா?" "எப்பவும்." "எனக்கு ஒரு டப்பா வேஸ்லின் வாரத்துக்குக் காணாது" என்கிறாள், பிறகு, "துடைக்காம குடுங்க பாப்போம்." கர்ச்சீப்பைச் சட்டைப்பையில் வைக்கிறேன். ஒரு தண்டை எடுத்து உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு நிமிஷம் இருக்குமா, குறைவாகவும் இருக்கலாம், எஃகு சூடாகிறது, ஈரமாகிறது, இவ்வளவு நிம்மதியாக நான் எதையும் ஈரமாக்கினதில்லை. அப்படியே நீட்டுகிறேன். அவள் ஓரத்தில் பிடிக்கவில்லை, முழுக் கையால் வாங்குகிறாள். மற்றத் தண்டை நான் எடுத்துக்கொள்கிறேன். அவளுடைய மிச்சக் கை மேசைக்கு நடுவில் வந்து நிற்கிறது, மேல் நோக்கி விரிந்து. என் கை போகிறது. சொரசொரப்பு, முதலில் அதுதான், உப்புத்தாள் மாதிரி, அப்புறம் அந்தச் சொரசொரப்பு என் ஈரத்தை வாங்கி வாங்கி இளகுகிறது, காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒரு சத்தம் வருமே, அப்படி ஏதோ ஒன்று கேட்ட மாதிரி இருக்கிறது, கேட்டிருக்காது. முள் புரள்கிறது. சும்மாவைத் தாண்டுகிறது, தயங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, பரவாயில்லையைத் தாண்டி 'அட' என்கிற எழுத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடுங்கிக்கொண்டே நிற்கிறது. "ஆபத்து வரைக்கும் போகலையே" என்கிறார் தனபால் சார். "போதும் சார், பாஸ் மார்க்கு, பைல வைக்கச் சொல்லுங்க" என்கிறார் ரியாஸ் அண்ணன், "டீ வந்திருச்சு, வாங்கப்பா, ஆறிரும்." நாற்காலிகள் இழுபடுகின்றன, செருப்புகளைத் தேடுகிறார்கள், கூட்டம் வாசல் பக்கம் நகர்கிறது. சட்டம் முடிந்தது, சொந்தக்காரர் கையால் ஓடிவிட்டது, இனிப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு காரணமும் இல்லை. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கையைத் தளர்த்த வேண்டும், அவள் துடைத்துக்கொள்வதைப் பார்க்காமல் இருக்க வேண்டும், டீ எடுத்துவருகிறேன் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அவள் ஏதோ சொல்கிறாள். கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கவில்லை. நிமிர்கிறேன். அவள் இரண்டாம் தரம் சொல்கிறாள். "இப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தா பேட்டரி தீந்துருமா?" உள்ளே இருப்பது ஒரு டிரான்சிஸ்டர், கடுகளவு மின்சாரம், எனக்கு அது மனப்பாடம். "தீரும்" என்கிறேன், "ஆனா ரொம்ப நேரம் ஆகும்."